மறுபடி அனுப்பிய முகவரி

ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சில சமயம் அவளே திரும்ப மாட்டாள். பூக்கடை அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்து மேஜைக்காரர். அவருக்கு அவள் பதிலுக்கு இரும்புக்கடை என்று வைத்தாள். இரண்டு பெயரும் சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டன.

கன்ட்ரோல் ரூமின் பெரிய புரோகிராமை சி மொழியில் எழுதியவர் இரும்புக்கடை. அதன் உள்ளே ஓடும் விதிகளை பெர்ல் மொழியில் எழுதியவள் அக்கா. "என்னோடது இரும்புக்கடை. ஒரு தடவை வெல்டிங் வெச்சா அசையாது. உன்னோடது பூக்கடை. காலையில கட்டினதைச் சாயங்காலம் பிரிச்சுக் கட்டலாம்" என்பார் அவர். அக்கா விடுவாளா? "இரும்புக்கடைக்கு மனுஷன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். எங்க கடைக்குத் தினமும் வருவான்" என்பாள்.

சும்மா சொல்லவில்லை. தினமும் வரத்தான் செய்தார்கள். இன்றைக்கு எந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, எந்த வண்டிக்கு டயர் மாற்றுகிறார்கள் என்று விதிகள் நாளுக்கு நாள் மாறும். அதற்கெல்லாம் பெரிய புரோகிராமை நிறுத்தி, திருத்தி, மறுபடி ஓட்ட முடியாது. அந்த ஐந்து நிமிஷத்தில் யாராவது போன் செய்தால் எடுக்க ஆள் இருக்காது. அதனால்தான் சி புரோகிராமின் வயிற்றுக்குள் பெர்ல் ஒன்றை வைத்திருந்தார்கள். அக்கா தன் ஃபைலைத் திருத்தி வைத்தால் போதும். அடுத்த அழைப்பிலிருந்து புது விதி.

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒரு அழைப்பு வந்தால் அதன் விவரம் முழுவதும், முகவரி, நோயாளியின் வயது, என்ன கஷ்டம், எத்தனை மணி, எல்லாம் இரும்புக்கடையின் அலமாரியில் ஒரு தட்டில் உட்காரும். சி மொழிக்காரர்கள் ஸ்ட்ரக்சர் என்பார்கள். மொத்தம் முப்பத்திரண்டு தட்டு. அதை அப்படியே தூக்கி பெர்லிடம் கொடுப்பதில்லை. தட்டு இருக்கும் இடத்தை மட்டும் ஒரு ஆப்ஜெக்டாகக் கட்டிக் கொடுப்பார்கள். பெர்லில் அந்தக் கட்டுதலுக்குப் பெயரே ‘ப்ளெஸ்’, அதாவது ஆசீர்வாதம். "ஆசீர்வாதம் பண்ணி அனுப்பறேன், நல்லபடியா வெச்சுக்கோ" என்று இரும்புக்கடை இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் சிரித்தார்.

பெரிய கடைகளில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்களே, அதுதான் இது. டோக்கனைக் காட்டி "முகவரி என்ன?" என்று கேட்டால், அந்த நேரத்தில் தட்டில் என்ன இருக்கிறதோ அதைப் படித்துச் சொல்லும். டோக்கனுக்குள் எதுவும் இல்லை. விதிகள் ஓடி முடிந்ததும் இரும்புக்கடை தட்டைக் காலி என்று குறித்துக்கொள்வார். கடைசியாகக் காலியான தட்டுதான் முதலில் நிரம்பும் என்பதால், அடுத்த அழைப்பு அதே தட்டில் உட்காரும். அதனால் அவருடைய ஃபைலின் தலையில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது: டோக்கனை வீட்டுக்குக் கொண்டுபோகாதே, வேண்டியதை எழுதிக்கொள். அக்கா அதை நூறு தடவை படித்திருப்பாள்.

ஏழாம் நம்பர் வண்டியின் டிரைவருக்கு நிதானம் என்று பெயர். அவர் ஓட்டினால் நோயாளியே இறங்கித் தள்ளிக்கொண்டு போவான் என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். உண்மையில் அவர் மெதுவாக ஓட்டுகிறவர் இல்லை. எந்தச் சந்தில் எப்போது குப்பை லாரி நிற்கும் என்று தெரிந்து ஓட்டுகிறவர். இருபத்தொரு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. காலையில் ஷிப்ட் ஏறும் முன்னால் இரண்டாவது மாடிக்கு வந்து, அக்காவின் கண்ணாடித் தடுப்பைக் கீசெயினால் இரண்டு தட்டு தட்டுவார்.

"அக்கா, எழுதிக்கோங்க. சந்தைப் பக்கம் குழாய் உடைஞ்சிருக்கு. மூணு நாளைக்கு அந்தப் பக்கமே வேணாம்."

"எழுதியாச்சு அண்ணே."

அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்ற வழக்கு கடைசி வரை தீரவில்லை. அவளுடைய விதிகளில் பாதி இப்படி அவர் வாயிலிருந்து வந்தவைதான். சம்பளம் மட்டும் அவளுக்குத் தனியாக வந்தது.

ஒரு நாள் அவர் ஒரு குறையோடு வந்தார். "ரயில் பாலத்தடியில நுழைஞ்சா சிக்னல் போயிடுது அக்கா. அந்த நேரத்துல நீங்க அனுப்பற முகவரி ஸ்க்ரீன்ல வர மாட்டேங்குது. வெளிய வந்தும் காலியாத்தான் இருக்கு. போன் பண்ணிக் கேக்கறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் போயிடுது. ஏதாவது பண்ண முடியுமா பாருங்களேன்."

அக்கா அன்று மதியமே செய்தாள். கூட மூன்று வரிதான். வண்டிக்கு முகவரி போய்ச் சேரவில்லை என்றால், வண்டி எண்ணையும் அந்த அழைப்பையும் ஒரு காத்திருப்புப் பட்டியலில் போட்டு வை. பத்து விநாடி கழித்து மறுபடி அனுப்பு. வண்டி எண்ணை ஒழுங்காக எழுதிக்கொண்டாள். முகவரிக்கு மட்டும் டோக்கனையே பட்டியலில் போட்டாள். தெரியாமல் செய்தாள் என்று அவளுக்கு வேண்டியவர்கள்கூடச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்தாள். பாலத்தைத் தாண்டி வந்த நிதானம் போனில், "வந்திடுச்சு அக்கா, பளிச்சுனு வந்திடுச்சு!" என்று கத்தினார். நாலு வருஷம் அப்படியே பளிச்சென்று வந்துகொண்டிருந்தது.

நாலு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி நாலு நிமிஷத்துக்கு, மில் தெரு பன்னிரண்டாம் நம்பர் வீட்டிலிருந்து ஒரு பெண் பேசினாள். வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி, நாற்பத்தொரு வயது, வேர்த்துக் கொட்டுகிறது. பக்கத்தில் இருந்த வண்டி ஏழாம் நம்பர். மில் தெரு அங்கிருந்து ஆறு நிமிஷம். நிதானம் அப்போது பாலத்தடியில் இருந்தார்.

வண்டி போனது தொட்டித் தெரு நாற்பதாம் நம்பர் வீட்டுக்கு. அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் நம்பர் வண்டியும் அதே வாசலில் வந்து நின்றது. இரண்டு டிரைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிதானம் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, விஷயம் புரிந்து, வண்டியைத் திருப்பி, மில் தெருவுக்குப் போய்ச் சேரும்போது பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது. அந்தப் பெண் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றிருந்தாள். அவள் கணவர் இறந்து நான்கைந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

விசாரணை ஒரு நீள மேஜையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். இந்தப் பக்கம் நிதானம், சட்டையின் மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு. அக்கா பதிவேட்டை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தாள். ஏழாம் வண்டி, மில் தெரு பன்னிரண்டு என்று தெளிவாக இருந்தது. இருக்காதா பின்னே? பதிவேட்டை எழுதுவது சி. அழைப்பு வந்த அதே விநாடியில் எழுதிவிடும்.

"ஸ்க்ரீன்ல தொட்டித் தெரு நாப்பதுன்னுதான் சார் இருந்தது. ரெண்டு தடவை படிச்சேன்" என்றார் நிதானம்.

நடுவில் இருந்தவர் அக்காவிடம் திரும்பினார். "வண்டி ஸ்க்ரீன்ல வேற முகவரி காட்டியிருக்க வாய்ப்பு இருக்காம்மா?"

"வாய்ப்பே இல்லை சார்" என்றாள் அக்கா.

அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னாளா என்றால், பார்க்கவில்லை. பதினாலு வருஷம் தன் கையால் கட்டியதை மூன்று அந்நியர்கள் சந்தேகப்படுகிறார்களே என்று அவளுக்குச் சுருக்கென்று பட்டது. அந்தச் சுருக்கில் வந்த வார்த்தை அது. நிதானம் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சொல்வது அக்காவாச்சே, அப்போது சரியாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி பார்த்தார்.

தொட்டித் தெரு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கும் விசாரணைக்காரர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். மூன்றாம் வண்டிக்கு வயர்லெஸ்ஸில் சொன்னது காதில் விழுந்து குழம்பியிருக்கிறார், ஸ்க்ரீனைச் சரியாகப் படிக்கவில்லை. வேலை போனது. கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி உத்தரவில் ஒரு வரி வேறு. வராந்தாவில் அக்கா, "அண்ணே…" என்று ஆரம்பித்தாள். "பரவாயில்லை மேடம்" என்றார் அவர். அவளை அவர் மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் கண்ணாடித் தடுப்பை யாரும் கீசெயினால் தட்டவில்லை. ரோட்டு நிலவரம் ஒரு அச்சடித்த தாளில் வந்தது, பெரும்பாலும் முந்தின நாளுடையது. இரும்புக்கடை ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். அக்காவுக்கு வேலையில் பிடிப்பு விட்டுப்போனது என்றாலும் விரல்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மூன்று வருஷம் போனது. அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் புதிது வாங்கினார்கள். புரோகிராமை அதற்குக் கொண்டுபோகும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. புதிய கம்ப்யூட்டரில் சோதனைக்கு ஒரு வசதி இருந்தது. காலி என்று குறித்த தட்டை அது சும்மா விடாது. உடனே முழுக்க எக்ஸ் எழுத்தாக நிரப்பிவிடும். காலித் தட்டை யாராவது தெரியாமல் படித்தால் உடனே பிடிபடட்டும் என்பதற்காக.

மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி இருக்கும். அக்கா வரிசையாக ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தாள். பாலத்தடிச் சோதனையும் அதில் ஒன்று. வண்டிக்குப் போகும் இணைப்பைத் துண்டித்தாள், ஒரு பொய் அழைப்பைக் கொடுத்தாள், பத்து விநாடி காத்திருந்தாள். மேஜை மேலிருந்த சோதனை ஸ்க்ரீனில் முகவரி வந்தது. எக்ஸ், எக்ஸ், எக்ஸ். இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை எக்ஸ்.

அந்த மூன்று வரிகளைத் திறந்தாள். படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு தடவை பார்த்தாள். இணைப்பைத் துண்டித்துவிட்டு, மில் தெரு பன்னிரண்டு என்று அழைப்பு கொடுத்தாள். பத்து விநாடி கழித்து மில் தெரு பன்னிரண்டு என்றே வந்தது. காலி என்று குறித்தாலும் பழைய சாமான் தட்டிலேயேதான் கிடக்கும், அடுத்த ஆள் வந்து உட்காரும் வரை. நாலு வருஷம் பளிச்சென்று வந்ததன் ரகசியம் அவ்வளவுதான். மறுபடி செய்தாள். இந்தத் தடவை ஐந்தாவது விநாடியில் இன்னொரு அழைப்பைக் கொடுத்தாள்: தொட்டித் தெரு நாற்பது. பத்தாவது விநாடியில் ஏழாம் வண்டியின் ஸ்க்ரீனில் வந்தது தொட்டித் தெரு நாற்பது. பளிச்சென்று.

அக்கா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு மனிதர் செத்துப்போனார், இன்னொரு மனிதர் தலையில் அந்தப் பழியைக் கட்டியாயிற்று, கட்டிய கை தன்னுடையது. வேறு எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் கணக்கு அங்கேயேதான் வந்து நின்றது.

இரும்புக்கடைக்குப் போன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டார். பின்னால் பேரக்குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் தலைப்புலயே எழுதி வெச்சிருந்தேனே" என்றார் முதலில். அப்புறம் பேரக்குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு வந்தார். "எழுதி வெச்சா ஆச்சா? எத்தனை பேர் கையில டோக்கன் இருக்குன்னு நான் எண்ணிக்கை வெச்சிருக்கணும். ஒருத்தர் கையில இருந்தாலும் தட்டைக் காலி பண்ணக் கூடாதுன்னு பூட்டியிருக்கணும். அரை நாள் வேலை. யாரு அவ்வளவு நேரம் வெச்சுக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்." கடைசியில் சொன்னார்: "உன் கடிதத்துல என் பேரையும் போடு."

கடிதம் எழுதப் போகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை. அவருக்கு அவளைத் தெரியும்.

வீட்டில் கணவர் வேறு மாதிரி பேசினார். லேத் பட்டறையில் ஃபோர்மேன், அதிகம் பேசாத மனிதர். "நீ ரிடையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான். மூடின ஃபைலை நீயே போய்த் திறப்பியா? செத்தவர் திரும்பி வரப் போறாரா?" என்றார். அக்கா சாப்பிட்ட தட்டை எடுத்துப் போய்க் கழுவினாள். கழுவிக்கொண்டே, "உயிரோட இருக்கறவர் ஒருத்தர் இருக்காருங்க" என்றாள். அவர் காலையில் அவளுடைய குடையைத் தேடி எடுத்து வாசலில் வைத்தார்.

மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இதை இப்ப ஏம்மா கிளறணும்? புதுசுல சரி பண்ணிட்டீங்கள்ல, விடுங்களேன்" என்றார். அக்கா கடிதத்தை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கி, கீழே தபால் பிரிவுக்குப் போய், தேதி முத்திரை குத்தச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டாள். அது எங்கே போகும், தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நிதானத்தின் வீட்டைத் தேடிப் போனாள்.

மூன்றாவது மாடி. படிக்கட்டில் யாரோ ஈரத்துணியைக் கைப்பிடி முழுக்கக் காயப் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்த நிதானத்தின் கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி தொங்கியது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வாங்க மேடம்" என்றார்.

ஒரே அறை, ஒரு கட்டில், சுவரோரம் இரண்டு நாற்காலி. சுவரில் அவர் மனைவியின் படம். இறந்து எட்டு மாதம் ஆகிறதாம், சிறுநீரகக் கோளாறு. அக்காவுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவரைப் பற்றி யாரிடமும் அவள் கேட்கவுமில்லை. ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் தடுப்புக் கம்பியை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பதாகச் சொன்னார். "அதுல படிக்க ஒண்ணும் இல்லை, சிவப்பு பச்சை மட்டும்தான்" என்றார். சிரிக்க முயன்றார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. உட்காராமல், நின்றபடியே சொன்னாள். டோக்கன், தட்டு, பத்து விநாடி எல்லாவற்றையும் சொன்னாள். கைப்பையிலிருந்து இரண்டு தாளை எடுத்துக் கொடுத்தாள். பழைய கம்ப்யூட்டரில் அன்றைக்கு வந்தது போலவே வரவழைத்து, ஸ்க்ரீனைப் படம் பிடித்து அச்செடுத்தது.

அவர் கண்ணாடியோடு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுதான்" என்றார். "இந்த எழுத்துதான். தெருவுக்குக் கீழ நம்பர், இப்படித்தான் தள்ளி இருந்தது." கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப நான் சரியாத்தான் படிச்சேனா?"

"சரியாத்தான் படிச்சீங்க அண்ணே."

"நான் கேட்டுத்தானே இதை எழுதினீங்க? பாலத்தடியில வரலைன்னு நான்தானே வந்து சொன்னேன்."

எங்கே பழி கிடைத்தாலும் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்ள மூன்று வருஷத்தில் இந்த மனிதர் பழகிவிட்டார். அக்காவுக்குத் தாங்கவில்லை. "நீங்க கேட்டது நியாயம். எழுதினது நான். தப்பா எழுதினதும் நான்" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு டாக்டர் பாத்தாங்க. கண்ணுல ஒண்ணுமே இல்லைன்னாங்க. நாலாவது ஆள்கிட்ட நானே கேட்டு வாங்கினேன் இதை. ஏதாவது இருக்கணும்ல? இல்லைன்னா நான் எப்படி அந்த வீட்டுக்குப் போயிருப்பேன்?"

அவராகவே மனைவியின் படத்தைக் காட்டிச் சொன்னார். "இவ என்னை நம்பறேன்னுதான் சொன்னா. ஒரு நாள்கூடக் குத்திக் காட்டினதில்லை. ஆனா அன்னையிலேர்ந்து எங்க போனாலும் பஸ் நம்பரை எனக்குப் படிச்சுச் சொல்லுவா. கடை போர்டைப் படிச்சுச் சொல்லுவா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு மாத்திரை அட்டையில இருக்கறதைக்கூட எனக்குப் படிச்சுச் சொன்னா. நானும் கேட்டுக்குவேன்."

அக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மில் தெரு அம்மாவைப் போய்ப் பாத்திருக்கேன்" என்றார் அவர். "வேலை போன மறுவாரம். தப்பு என்னோடதுதான்னு சொல்லி மன்னிப்பு கேட்டேன். அவங்க ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாங்க. வருஷா வருஷம் அந்தத் தேதியில போயிட்டு வருவேன். அவங்களும் தண்ணி கொடுப்பாங்க, நானும் குடிச்சிட்டு வந்திடுவேன்." எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். மேல் பட்டன் வரை போட்டார். "அவங்ககிட்டச் சொல்லணும்ல? வாங்க, போயிட்டு வந்திடலாம்."

தனியாகப் போக வேண்டும் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். அவரோடு போவதற்குத் தனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. மறுக்கவும் தோன்றவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. வெயில் சாய்ந்திருந்தது. ரோட்டின் கோடியில், சிக்னலுக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் ஒன்றன் பின்னால் ஒன்றாகத் திரும்பின. அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்கு நெற்றிப் பலகையே தெரியவில்லை, நம்பர் எங்கே தெரியும்?

நிதானம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"முன்னால வர்றது பதினேழு பி" என்றார். "பின்னால முப்பத்தொண்ணு. நமக்கு முப்பத்தொண்ணு."

பஸ் கிட்டே வந்தது. பதினேழு பிதான். அது யாரையும் ஏற்றாமல் போனது. அதன் பின்னால் முப்பத்தொன்று தெரிந்தது. அவர் அக்காவின் பக்கம் பார்க்கவில்லை. தன் இடது பக்கம், மனைவி நின்று நம்பர் படித்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அன்னைக்கு அந்த ரூம்ல, தெரியலை சார், பாத்துச் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "அப்பவே தெரிஞ்சிருக்கும். இவ அதைக் கேட்டுட்டுக் கண்ணை மூடியிருப்பாளே."

முப்பத்தொன்று வந்து நின்றது. அவர் வழக்கம்போல ஒதுங்கி அவளை முதலில் ஏறச் சொன்னார். அவள் ஏறி, கண்டக்டரிடம் மில் தெருவுக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள்.